தொட்டியில் தண்ணீர் இருந்தது

1991-இல் டிப்ளமோ முடித்த கையோடு திருச்சிக்கு வெளியே ஒரு கான்கிரீட் குழாய்ப் பட்டறையில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். சாக்கடைக்கும் சிறு பாலங்களுக்கும் போடுகிற பெரிய குழாய்கள். கம்பிக் கூண்டை அச்சுக்குள் வைத்து, அச்சைச் சுழலவிட்டுக் கலவையைக் கொட்டினால், சுழலும் வேகத்தில் கலவை அச்சோடு ஒட்டி இறுகிவிடும். மறுநாள் அச்சைக் கழற்றிக் குழாயைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவோம். கான்கிரீட் வெயிலில் காய்ந்து பலமாவதில்லை, தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் பலமாகிறது. இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருவது அதைத்தான்.

தொட்டி நாற்பதடி நீளம், இடுப்பளவு ஆழம். எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். குழாயின் முதுகு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் யாரையாவது கூப்பிட்டு மோட்டார் போடச் சொல்வேன். கோடையில் போர் தண்ணீர் குறைந்தபோது முதலாளி லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கி ஊற்றினார். கணக்கே பார்க்கவில்லை. சிமெண்டுக்கும் அதே மரியாதைதான். மூட்டைகளைத் தரையில் வைக்கக் கூடாது, பலகை போட்டு அடுக்க வேண்டும். சுவரிலிருந்து ஓரடி தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல், தார்ப்பாய் போர்த்தி. காற்றில் இருக்கும் ஈரம்கூடப் படக்கூடாது என்று மழைக்காலத்தில் குடோன் கதவைத் திறக்கவிட மாட்டோம். எந்தப் பொருளுக்கு எந்தக் காற்று ஆகாது என்பது எங்கள் எல்லாருக்கும் அத்துப்படி.

அந்தத் தொட்டியிலிருந்து பத்தடி தள்ளி, தகரக் கொட்டகையின் கீழே ஒருவர் உட்கார்ந்திருப்பார். கிரைண்டர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். குழாயின் வாயில், அச்சு சேரும் இடத்தில், கலவை பிதுங்கி ஓரம் கட்டியிருக்கும். அது இருந்தால் அடுத்த குழாய் பொருந்தாது. அதை அரைத்துச் சமன் செய்வது அவர் வேலை. காலை எட்டரைக்கு சுவிட்சைப் போட்டாரென்றால் ஒரு நிமிடத்தில் ஆள் மறைந்துவிடுவார். வெள்ளைப் புகைக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வரும்.

அவருடைய துண்டு என் கண்ணிலேயே நிற்கிறது. வேலை தொடங்கும் முன் தொட்டிக்கு வந்து அதை முக்கிப் பிழிந்து, நான்காக மடித்து, மூக்கையும் வாயையும் மூடிப் பிடரியில் முடிச்சுப் போடுவார். அரை மணி நேரத்தில் ஈரம் போய், சாந்து ஏறி, துண்டு அப்பளம் மாதிரி விறைத்துவிடும். எழுந்து வந்து கொட்டகைத் தூணில் அதைப் பட்பட்டென்று அடிப்பார். தூண் பக்கமாக ஒரு சின்ன மேகம் கிளம்பும். மறுபடி தொட்டியில் முக்குவார். இமை முடி வெளுத்து, புருவம் வெளுத்து, சிரித்தால் மட்டும் கன்னத்து மடிப்பில் கறுப்புத் தோல் கோடு கோடாகத் தெரியும். வேலையில் அவரைப் போல் கைகாரரை நான் பிறகு பார்த்ததில்லை. டிஸ்க் எதில் படுகிறது என்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். “ஜல்லி பட்டா கத்தும் தம்பி, சாந்து பட்டா இருமும்” என்பார்.

மதியம் ஒரு மணிக்கு மிஷினை நிறுத்துவார். துண்டை அவிழ்த்து உதறிவிட்டு, அதே கொட்டகையில், அதே இடத்தில் சாப்பிட உட்காருவார். வெளியே வெயில், உள்ளே நிழல், வேறெங்கே போவார்? தகரத்தில் ஆணி போன ஓட்டைகள் வழியே வெயில் கம்பி கம்பியாக இறங்கும். அந்த வெளிச்சத்தில் தூசி மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். புகை அடங்கிவிட்டது என்றுதான் அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். அடங்கியது பெரிய தூசி. நுரையீரலின் கடைசிக் கிளை வரை போகக்கூடியது நான்கைந்து மைக்ரான் அளவுத் தூசி. தலைமுடியின் தடிமனில் பதினைந்தில் ஒரு பங்குகூட வராது. அது மணிக்கணக்கில் காற்றிலேயே நிற்கும், கண்ணுக்கும் தெரியாது. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அவர் துண்டை அவிழ்த்தார்.

சாயங்காலம் கம்ப்ரஸர் குழாயை எடுத்து உடம்பு முழுக்கக் காற்றடித்துக்கொள்வார்கள். ஒருவர் முதுகுக்கு இன்னொருவர் அடிப்பார். சட்டை, வேட்டி, தலை, காதுமடல். கொட்டகையிலிருந்த அத்தனை பேரையும் சுற்றி அந்த ஐந்து நிமிடமும் மூட்டம். எனக்கும் ஒருநாள் அடித்துவிட்டார்கள். குளித்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை வெல்லம் கொடுப்போம். தலைக்கு கால் கிலோ. தூசி உள்ளே போனால் வெல்லம் அதை இழுத்துக்கொண்டு வெளியே தள்ளிவிடும் என்று முதலாளியும் நம்பினார், ஆட்களும் நம்பினார்கள், நானும் நம்பினேன். சிமெண்டு மூட்டை இறக்குகிற இடங்களில் இன்றைக்கும் அந்த வழக்கம் இருக்கிறது; சில இடங்களில் வாழைப்பழம். வெல்லம் இறங்குவது வயிற்றுக்கு, தூசி இறங்குவது நுரையீரலுக்கு. இரண்டுக்கும் வாசல் ஒன்று, வழி வேறு. பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்த நான் அதை யோசிக்கவில்லை. ‘பாதுகாப்புப் பொருள் வழங்கல்’ என்று தலைப்புப் போட்ட நோட்டில் வெல்லத்தை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ஆறு மாதத்துக்கு ஒரு துண்டு, வாரத்துக்கு கால் கிலோ வெல்லம். அந்த நோட்டு முழுக்க என் கையெழுத்துதான்.

அரைக்கும் இடத்தில் தண்ணீர் விட்டால் தூசியே எழும்பாது என்று தெரியாதா என்று இப்போது கேட்பவர்கள் உண்டு. தெரியும். மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் மிஷினை ஓட்டினார்கள்; அதை ஊரே பார்த்திருக்கிறது. சேர்ந்த இரண்டாம் மாதம் நானே மேனேஜரிடம் கேட்டேன். “கரண்ட் மிஷின்ல தண்ணிய விடச் சொல்றியா? ஆள் செத்தா நீ வருவியா போலீஸ் ஸ்டேஷனுக்கு?” என்றார். அந்தப் பயம் பொய்யில்லை. கையில் பிடிக்கும் கிரைண்டர் பழையது, ஒயரில் டேப் சுற்றியிருக்கும், எர்த் கிடையாது. அதற்கு முந்தைய வருஷம் வைப்ரேட்டர் பிடித்த ஒரு பையன் ஷாக் அடித்துத் தூக்கியெறியப்பட்டிருந்தான். ஆனால் கசிவு இருந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் அப்போதும் கடையில் கிடைத்தது. காற்றில் ஓடும் கிரைண்டர் இருந்தது. உடம்புக்குக் காற்றடித்துக்கொள்ள நாங்கள் வைத்திருந்த அதே கம்ப்ரஸரில் அது ஓடும், மின்சாரமே வேண்டாம். அதற்கு ஒரு கருவியும் ஒரு ரப்பர் குழாயும் வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்டு, ஒரு பதில் கிடைத்ததும் நான் நிறுத்திக்கொண்டேன். இரண்டாவது தடவை கேட்கவில்லை.

எங்கள் பட்டறையில் எல்லாரும் அதைச் சிமெண்டுத் தூசி என்றே சொன்னோம். சிமெண்டு தோலை அரிக்கும், கண்ணை எரிக்கும், கை விரலில் புண் வைக்கும். ஆனால் ஆளைக் கொல்கிற பொருள் மணலிலும் ஜல்லியிலும் இருந்தது: படிகச் சிலிக்கா. குவார்ட்ஸ் என்று கல் படித்தவர்கள் சொல்வார்கள். மணலாகக் கிடக்கும்வரை அதனால் ஒரு தீங்கும் இல்லை, குழந்தைகள் அதில் வீடு கட்டி விளையாடலாம். கான்கிரீட்டை அறுக்கும்போதும் அரைக்கும்போதும் உடைக்கும்போதும்தான் அது நுண்தூளாகிறது, அதுவும் அப்போதுதான் உடைந்த புது முனைகளோடு. நுரையீரலுக்குள் போனதும் அங்கே காவலுக்கு இருக்கும் செல்கள் அதை விழுங்குகின்றன. கிருமியாக இருந்தால் செரித்துவிடும். கல்லைச் செரிக்க முடியாது. விழுங்கிய செல் செத்து, தூள் வெளியே வருகிறது. அடுத்த செல் அதை விழுங்குகிறது. ஒவ்வொரு சாவுக்கும் அந்த இடத்தில் ஒரு தழும்பு விழுகிறது. தழும்புகள் சேர்ந்து முடிச்சாகி, பஞ்சுபோல் விரிய வேண்டிய நுரையீரல் விறைத்துப்போகிறது. தூசியை விட்டு விலகி வந்த பிறகும் இது நிற்காது. இதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். குணப்படுத்தும் மருந்து இல்லை. அது காசநோய்க்கும் கதவைத் திறந்துவிடுகிறது, நுரையீரல் புற்றுநோய்க்கும் வழி வைக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இலேயே படிகச் சிலிக்காத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வரிசையில் வைத்துவிட்டது.

இதெல்லாம் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் புதிய செய்தியாக இருந்திருந்தால் மனம் கொஞ்சம் ஆறும். அப்படி இல்லை. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில் 1930-இல் ஒரு மலையைக் குடைந்தார்கள். கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்காப் பாறை. தண்ணீர் விட்டுத் துளைத்தால் வேகம் குறையும் என்று வறட்டுத் துளையாகவே போட்டார்கள். ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கம் என்று பெயர். செத்தவர்களின் எண்ணிக்கை 1936-இல் அந்நாட்டு நாடாளுமன்ற விசாரணையில் 476 என்று வந்தது. பிறகு 1986-இல் இதைப் புத்தகமாக எழுதிய மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் 764 என்று கணக்கிட்டார். பெரும்பாலும் வேலை தேடித் தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவர்கள். 1938-இல் அந்த நாட்டுத் தொழிலாளர் துறையே இந்த நோயைத் தடுக்கச் சொல்லி ஒரு படம் எடுத்து ஊர் ஊராகக் காட்டியது. இங்கே, கோலார் தங்கவயலில் 1934-இலேயே இந்த நோய் பதிவாகிவிட்டது. அங்கே சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காட்டுத் தமிழர்கள். 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் சிலிக்கோசிஸ் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருந்தது. தூசியை அது கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே உறிஞ்ச வேண்டும் என்று அதன் 14-ஆம் பிரிவு சொன்னது. அந்தச் சட்டத்தின் சுருக்கம் எங்கள் அலுவலக வாசலில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. தினமும் அதன் கீழே நின்றுதான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

ஆய்வாளர் வருகிறார் என்று தகவல் வந்தால் அன்றைக்கு அரைப்பு இருக்காது. வாசல் முதல் கொட்டகை வரை தண்ணீர் தெளித்திருப்போம். கிரைண்டர் அண்ணன் அன்றைக்குக் கம்பி கட்டுவார்.

1998 வாக்கில் அவருக்கு இருமல் நிற்கவில்லை. குழாய் மேல் ஏறி இறங்கினால் மூச்சு வாங்கியது. நாற்பத்து மூன்று வயது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து டி.பி. என்றார்கள். சளியில் கிருமி தெரியவில்லை. ஆனாலும் ஆறு மாதம் மாத்திரை. குறையவில்லை. மறுபடி மாத்திரை. அவர் வீட்டில் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்தார்கள். பேரப் பிள்ளையை மடியில் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை, தள்ளியே உட்கார்ந்துகொண்டார். ஒட்டாத நோய்க்கு ஒரு மனிதரை நான்கு வருஷம் ஒதுக்கி வைத்தோம் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

அத்தனை வருஷத்தில் ஒரு மருத்துவரும் கேட்காத கேள்வியை 2002-இல் ஒரு நெஞ்சு மருத்துவர் கேட்டார்: “என்ன வேலை பார்த்தீங்க?” எத்தனை வருஷம், தண்ணீர் விட்டா, விடாமலா என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு, வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். அண்ணனின் மனைவி என்னிடம் வந்தார். “ஒரு வரி எழுதிக் குடுங்க தம்பி. இவுக அரைக்கிற வேலை பார்த்தாகன்னு.”

நான் மேனேஜரிடம் கொண்டுபோனேன். அரைப்பு என்று எழுதாதே என்றார். அண்ணன் எங்கள் பெயர்ப் பட்டியலிலேயே இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள். இ.எஸ்.ஐ. கிடையாது. கடைசியில் நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: ‘மேற்படியார் எமது ஒப்பந்தக்காரரிடம் பொதுத் தொழிலாளியாகப் பணிபுரிந்தார்.’ எழுதியது நான், கையெழுத்தும் நான். அந்த அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனார். அண்ணன் 2003 தை மாதம் போய்விட்டார். கடைசி மாதங்களில் படுக்க முடியாமல், மடியில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினார்.

அந்த ஒரு வரியின் விலை எனக்குத் தெரிந்தது 2016-இல். மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா பக்கத்து ஆதிவாசிகள் குஜராத்தின் கோத்ராவில் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்குப் போய் வேலை பார்த்து, ஊர் திரும்பிச் செத்தார்கள். செத்துப்போன 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட செய்தியைப் பேப்பரில் படித்தேன். இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் சிலிக்கோசிஸ் இருந்தது. நோய் உண்டு, சட்டம் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கட்ட ஒரு காகிதம் வேண்டும், இந்த ஆள் இந்தத் தூசியில் இத்தனை வருஷம் இருந்தார் என்று சொல்கிற காகிதம். அதை எழுதும் இடத்தில் நான் இருந்தேன்.

போன வருஷம், என்னிடம் வேலை பழகிய ஒருவர் இப்போது மேலாளராக இருக்கும் ரெடிமிக்ஸ் பிளான்ட்டுக்குப் போயிருந்தேன். ஒரகடம் பக்கம். வாசலில் லாரிச் சக்கரத்தைக் கழுவும் குழி. சிமெண்டு மூட்டையே இல்லை, பல்கர் லாரியிலிருந்து குழாய் வழியே சைலோவுக்கு ஏறுகிறது; சைலோ உச்சியில் பை வடிகட்டி. மணல், ஜல்லி மேலே கூரை, கன்வேயர் மேலே மூடி, தரையில் தண்ணீர்த் தெளிப்பான். துடைப்பம் போட்டு வறட்டுப் பெருக்கலும் கிடையாது, காற்றடித்துச் சுத்தம் செய்வதும் கிடையாது.

எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது டிரம். கலவை லாரியின் டிரம்முக்குள் மிச்சமிருக்கும் கான்கிரீட் ஒட்டி இறுகி, நாளடைவில் டன் கணக்கில் சேர்ந்துவிடும். அதைப் பேர்த்தெடுக்க ஆள் உள்ளே இறங்குவார். பானைக்குள் இறங்குவது போல, ஒரு சின்ன ஓட்டை வழியாக. உள்ளே இருட்டு, சூடு, சிப்பிங் ஹேமரின் சத்தம், வெளியே போக வழியில்லாத தூசி. கான்கிரீட் தொழிலிலேயே இதைவிடக் கொடிய தூசி வேலையை நான் பார்த்ததில்லை. இங்கே ஒவ்வொரு லோடு இறங்கியதும் டிரம்மை உடனே கழுவிவிடுகிறார்கள், அதனால் சேர்வதே குறைவு. அதையும் மீறி இறங்க வேண்டியிருந்தால் முதலில் எழுத்தில் அனுமதி. சாவியைப் பிடுங்கிப் பூட்டு. ஒரு பக்கம் காற்றை இழுக்கும் ஃபேன், உளியின் நுனியில் தண்ணீர், வெளியே ஒருவர் காவல். இறங்குகிறவருக்கு முகத்தோடு அப்பிப் பிடிக்கும் ரப்பர் மாஸ்க். தாடி இருந்தால் இறக்குவதில்லை, விளிம்பில் காற்று புகுந்துவிடும்.

அன்றைக்கு ஒரு பையனின் காலரில் சிறு குமிழ் மாதிரி ஒரு கருவியும் இடுப்பில் ஒரு பம்பும் மாட்டியிருந்தார்கள். அவன் மூச்சு விடும் காற்றை நாள் முழுக்க இழுத்து, அதில் எவ்வளவு சிலிக்கா என்று லேபில் பார்ப்பார்களாம். அமெரிக்கா 2016-இல் கொண்டுவந்த விதிப்படி ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம்தான் இருக்கலாம். எங்கள் தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்த சூத்திரத்தைப் போட்டால் ஏறத்தாழ அதைப் போல இரண்டு மடங்கு வரும். எட்டு மணி நேர வேலையில் ஒரு ஆள் சுமார் பத்து கன மீட்டர் காற்றை இழுக்கிறார். 50 என்றால் நாள் முழுக்க அரை மில்லிகிராம். வீட்டில் உப்பு டப்பாவைத் திறந்து பார்த்தேன். பொடி உப்பில் எட்டு ஒன்பது மணிகள். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தூணில் துண்டை அடித்தபோது எழும்பிய அந்த மேகத்தை நினைத்தேன்.

அந்த பிளான்ட்டில் வேலை பார்ப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். கேட்டைத் தாண்டியதும் சாலையோரம் ஒரு பையன் பேவர் கல்லை வறட்டு டிஸ்க்கில் அறுத்துக்கொண்டிருந்தான். கைக்குட்டை கட்டியிருந்தான். அவன் நிற்கும் இடம் எந்தத் தொழிற்சாலையின் கணக்கிலும் வராது. எங்கள் பட்டறைத் தூசி குறைந்தது உண்மை. ஆனால் அரைக்கும் வேலை குறையவில்லை. அது கொட்டகையை விட்டு வெளியேறி நாலு பேர், ஐந்து பேர் கொண்ட குழுக்களிடம் போய்விட்டது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் கிரைண்டரோடு ஊர் ஊராகப் போகிறார்கள். எட்டு வருஷம் கழித்து இருமல் வரும்போது அவர்கள் வேறு மாநிலத்தில், வேறு மொழி பேசும் மருத்துவரின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த ஆடியில் எங்கள் அடுக்ககத்தில் எதிர் வீட்டைப் புதுப்பித்தார்கள். குளியலறைச் சுவரை உடைத்து, குழாய் போகச் சுவரில் காடி வெட்டினார்கள். ஜன்னலை மூடிக்கொண்டு வெட்டினார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் போடுவார்கள் என்று. கதவைத் தட்டினேன். திறந்தவனுக்கு இருபது வயது இருக்கும். இமை முடி வெளுத்திருந்தது. முகத்தில் கொரோனாக் காலத்து நீல மாஸ்க், அதுவும் தாடைக்குக் கீழே. அது அடுத்தவர்மேல் எச்சில் படாமல் தடுக்கத் தைத்தது, இந்தத் தூசியைத் தடுக்காது. ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டேன்.

“தண்ணி விட்டு வெட்டச் சொல்லுங்க தம்பி.”

“கீழ் வீட்டுல ஒழுகும் சார். அவங்க வந்து சண்டை போடுவாங்க.”

அன்றைக்கு ஷாக், இன்றைக்கு ஒழுகல். இந்த முறை நான் நிறுத்தவில்லை. தண்ணீர் விட முடியாத இடத்துக்கு உறிஞ்சும் மிஷின் இருக்கிறது. டிஸ்க்கைச் சுற்றி ஒரு மூடி, அதிலிருந்து வேக்யூமுக்கு ஒரு குழாய். அமெரிக்க விதியில் சுவர்க் காரையைக் கிரைண்டரால் சுரண்டும் வேலைக்கு அளவே கொடுத்திருக்கிறார்கள்: டிஸ்க்கின் விட்டத்தில் ஒவ்வொரு இஞ்சுக்கும் நிமிஷத்துக்கு 25 கன அடி காற்றை இழுக்க வேண்டும். நாலு இஞ்ச் டிஸ்க் என்றால் 100 கன அடி. வீட்டைப் பெருக்கும் வேக்யூம் போதாது, அதன் பை நுண்தூளைப் பின்பக்கமாக அறைக்கே திருப்பித் தள்ளிவிடும். இதையெல்லாம் போனில் சொன்னேன். அதோடு அடைப்பில்லாத அறை, திறந்த ஜன்னல், பையனுக்கு என்95. மாஸ்க்கைக் கடைசியாகத்தான் சொன்னேன். மாஸ்க்கை முதலில் வைத்தால் அதைப் போடாதது பையனின் குற்றமாகிவிடும்; மிஷினை வாங்காதது யார் குற்றம் என்ற பேச்சே எழாது. நாங்கள் துண்டு கொடுத்து அதைத்தான் செய்தோம். ஒப்பந்தக்காரர் கேட்டுக்கொண்டார். வீட்டுக்காரரிடமும் பேசினேன். வாடகைக்கு எடுத்த மிஷின் மூன்றாம் நாள் வந்தது. அதுவரை அந்த இரண்டு நாளும் பையன் வறட்டாகத்தான் வெட்டினான்.

இப்போது நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பழைய பட்டறை ஆட்கள், அவர்கள் சொல்லி வருகிறவர்கள், யார் வந்தாலும் உட்கார வைத்துக் கேட்டு எழுதித் தருகிறேன். எந்த மிஷின், எத்தனை டிஸ்க், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம், தண்ணீரா வறட்டா, கூரை மட்டுமா நாலு சுவரும் உண்டா, கூட வேலை பார்த்தவர் யார். மருத்துவரிடம் போகும்போது எடுத்துப் போகச் சொல்கிறேன். முன்பு தொழிற்சாலையில் வேலை பார்த்தவராக இருந்தாலும்கூட, அட்டவணையில் உள்ள நோயைப் பார்க்கும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று அந்த 1948 சட்டத்தின் 89-ஆம் பிரிவு சொன்னது. மருத்துவர் எழுத வேண்டுமானால் முதலில் வேலை என்னவென்று அவருக்குத் தெரிய வேண்டும்.

ஐப்பசியில் கிரைண்டர் அண்ணனின் மகன் போன் செய்தான். அப்பாவுக்கு வந்தது டி.பி.யா, வேறா என்று அவன் பிள்ளைகள் கேட்கிறார்கள், எனக்கே தெரியாது என்றான். பணத்துக்காக இல்லை என்று அவனே சொன்னான். ஒரு வாரம் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. வாசித்துக் காட்டச் சொன்னார். திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். கான்கிரீட் குழாயின் விளிம்பை மின்சாரக் கிரைண்டரால் அரைக்கும் வேலை, மூடிய கொட்டகை, நாளுக்கு எட்டு மணி நேரம், தண்ணீர் இல்லாத வறட்டு அரைப்பு.

அந்த இடத்தில் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

“தண்ணி இருந்துச்சே தம்பி அங்க” என்றார். “சோறு கொண்டாந்தா அந்தத் தொட்டியிலதான தூக்கு கழுவிட்டுப் போவேன்.”